பெட்டியிலிருந்து முதலில் இறங்குவது

ஒரு சமூகம் தன் மொழியைப் பற்றி மேடையில் முழங்குவதை வைத்து அதை மதிப்பிட முடியாது. அது உண்மையில் எதைப் போற்றுகிறது என்று அறிய விரும்புவோர், வெளிநாட்டுக்குக் குடிபெயரவிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கூடத்தில், பயணத்துக்கு முந்தைய இரவு, பெட்டிகள் எடை பார்க்கப்படும் அந்த ஒரு மணி நேரத்தை அருகிலிருந்து காண வேண்டும். அமெரிக்கா செல்லும் விமானங்களில் பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. தராசோ 25 என்று காட்டும். எதையாவது இறக்கியாக வேண்டும். மாமனார் ஒன்று சொல்வார். மைத்துனர் வேறொன்று சொல்வார். கடைசியில் ஊறுகாய்ப் புட்டி தப்பிக்கும். இட்லித் தட்டு தப்பிக்கும். ஆண்டுக்கு ஒருமுறைகூட உடுத்தப்படாத பட்டுப் புடவைகள் தப்பிக்கும். புத்தகம் வெளியே வரும்.

நாம் கண்ட வீடுகளில் இதற்கு விலக்கு அரிது. அவற்றுள் ஒரு வீட்டில் புத்தகங்களை வெளியே எடுத்தது நம்முடைய கைதான். ஆகவே இக்கட்டுரையின் முதல் குற்றவாளிக் கூண்டில் நாமே ஏறி நிற்கிறோம்.

முன்பு நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற மாணவி ஒருவர், கணவருக்கு நியூ ஜெர்சியில் வேலை அமைந்து, நான்கு வயது மகளுடன் புறப்பட்டார். வழியனுப்பச் சென்றிருந்தோம். நான்கு கிலோ அளவுக்குப் புத்தகங்கள் எடுத்து வைத்திருந்தார்: சில சிறுகதைத் தொகுப்புகள், ஓர் அகராதி, குழந்தைக்கான கதைப் புத்தகங்கள். எடை கூடிவிட்டது. "எதை விடலாம், ஐயா?" என்று நம்மைக் கேட்டார். "புத்தகத்தை விட்டுவிடும்மா, எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே" என்றோம். தமிழ் கற்பித்துச் சம்பளம் வாங்கும் வாய் சொன்ன சொல் அது. காலியான இடத்தில் ஒரு மிக்சி ஏறியது. நம் ஊர் 230 வோல்ட் மின்சாரத்துக்காகச் செய்யப்பட்ட அந்த மிக்சி, 120 வோல்ட் மின்சாரம் ஓடும் அந்த வீட்டில் சில நாள் திணறிவிட்டு அலமாரியின் மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். புகாராகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். "பாப்பா வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் எழுத்தெல்லாம் கற்றுக்கொண்டாள், ஐயா. கூட்டிக் கூட்டி நன்றாகவே படிக்கிறாள். வீட்டில் படிக்கத்தான் ஒன்றுமில்லை. மசாலாப் பொட்டலத்தில் இருக்கும் தமிழைப் படித்துக்கொண்டிருக்கிறாள்."

அன்றிலிருந்து இதை நாம் யோசித்துக்கொண்டிருக்கிறோம். ஊர் விட்டு ஊர் போகிறவனின் மூட்டைக்கு அறிவார்ந்த விதி ஒன்றே ஒன்றுதான்: போகும் இடத்தில் கிடைக்காததை எடுத்துச் செல். நாமோ அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். இட்லி அரிசியும் உளுந்தும் புளியும் பெருங்காயமும் நியூ ஜெர்சியின் ஓக் ட்ரீ சாலையில் கிடைக்கின்றன. லண்டனின் ஈஸ்ட் ஹாமில் கிடைக்கின்றன. டொரண்டோவின் ஸ்கார்பரோவில் கிடைக்கின்றன. அங்கெல்லாம் பத்து நிமிடத்தில் வாங்கிவிடக்கூடியதை இங்கிருந்து கிலோக் கணக்கில் சுமக்கிறோம். அதற்குள்ளும் எத்தனை அச்சம்! ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். கொப்பரை, தானாகத் தீப்பற்றக்கூடிய சரக்குகளின் பட்டியலில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இறங்குகிறவர் தம் உணவுப் பொருள்களை அதிகாரிகளிடம் அறிவிக்கத் தவறினால் தண்டம் கட்ட நேரும். இத்தனை இடர்களையும் தாண்டி ஊறுகாய் கரை சேர்கிறது. எந்த மோப்ப நாயும் தேடாத சிறுகதைத் தொகுப்பு சென்னையிலேயே நின்றுவிடுகிறது.

ஓர் அமெரிக்கப் புறநகரில் தமிழ்ப் புத்தகம் வாங்கக் கடை தேடிப் பாருங்கள், நாம் சொல்வது விளங்கும். சிங்கப்பூர் செல்வோருக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, பொது நூலகங்கள் தமிழ் நூல்களை இரவல் தருகின்றன. டொரண்டோ பொது நூலகத்திலும் தமிழ் நூல்கள் உண்டு. மற்றவர்கள் தம் வீட்டு அலமாரியைத்தான் நம்ப வேண்டும்.

வளைகுடா நாடுகளில் ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கி உழைக்கப் போகும் தொழிலாளியோடு நமக்கு வழக்கு இல்லை. அவர் கொண்டுபோகும் பருப்புப் பொடி அவருக்குச் சமைக்கும் நேரமும் மிச்சம், பணமும் மிச்சம். நம் வழக்கு, போன வாரத்திலேயே காரும் மறு ஆண்டிலேயே வீடும் வாங்க வல்ல படித்த வர்க்கத்தோடு. அவர்களுக்கு யோசனை சொல்லும் நம்மைப் போன்றவர்களோடும்தான்.

இவ்வர்க்கம் முன்வைக்கும் முதல் வாதம், நாமே அன்று சொன்ன வாதம்: இணையத்தில் எல்லாம் இருக்கிறது. எல்லாம் இல்லை, ஆயினும் நிறைய இருக்கிறது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் செய்திருப்பது பெருந்தொண்டு. அதை எள்ளளவும் குறைத்துப் பேசோம். ஆனால் தேடுபொறி, பெயர் தெரிந்தவனுக்கே கதவு திறக்கும். புதுமைப்பித்தன் என்றொருவர் இருந்தார் என்பதே தெரியாத ஏழு வயதுக் குழந்தை எதைத் தட்டித் தேடும்? அலமாரியில் இருக்கும் புத்தகமோ தேடப்படக் காத்திருப்பதில்லை. அது கண்ணில் படுகிறது. ஒரு மழை நாளில், வேறெதுவும் செய்யத் தோன்றாத ஒரு மதியத்தில், கைக்கு வந்துவிடுகிறது. வாசிப்பு என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட தற்செயல்களால் ஆனது.

இதற்கு ஏ.கே. ராமானுஜனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கில இலக்கியம் கற்றவர். 1962இல், சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை, பழந்தமிழுக்கு எளிய இலக்கண நூல் கிடைக்குமா என்று நூலகத்தின் அடித்தளத்தில் தேடியிருக்கிறார். கையில் கிடைத்ததோ உ.வே.சா. 1937இல் பதிப்பித்த சங்கத் தொகை நூல். தேடிப் போனது ஒன்று, எதிர்ப்பட்டது மற்றொன்று. அந்த எதிர்ப்படலிலிருந்துதான் 1967இல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்புகள் வெளிவந்து, உலகம் சங்கக் கவிதையைத் திரும்பிப் பார்த்தது. அந்த நூலை அடித்தளத்து அடுக்கில் யாரோ கொண்டுபோய் வைத்திருந்ததால் அது நிகழ்ந்தது.

அதே 1962இல் இன்னொன்றும் தொடங்கியது. இந்தியாவுக்கு விற்ற கோதுமைக்கு ரூபாயாகச் சேர்ந்திருந்த பணத்தைக் கொண்டு, பி.எல். 480 என்னும் சட்டத்தின் கீழ், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இங்குள்ள நூல்களை, தமிழ் நூல்கள் உட்பட, வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அயலார் கோதுமைப் பணத்தில் நம் நூல்களைக் கப்பலேற்றினார்கள். நாம் சாம்பார்ப் பொடிக்காக அவற்றை இறக்கி வைக்கிறோம்.

இரண்டாவது வாதம்: எடுத்துப் போனவர்கள் மட்டும் என்ன படித்துக் கிழித்தார்கள்? இதில் உண்மை உண்டு. கடல் கடந்தும் செலோஃபேன் உறை பிரிக்கப்படாத 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும், பூசையறையில் சந்தனம் பூசி வைக்கப்பட்ட திருக்குறளையும் நாம் அறிவோம். இதற்கும் இலக்கியவாதிகளாகிய நாமே பொறுப்பு. யாரேனும் கேட்டால் முழுத் தொகுப்புகளையும் செம்பதிப்புகளையும் பரிந்துரைக்கிறோம். கெட்டி அட்டை போட்ட ஆயிரம் பக்க நூலைப் பார்த்துக் குழந்தையும் அஞ்சும், தராசும் அஞ்சும். புலமையைக் காட்டிக்கொள்ளும் ஆசையில், படிக்கப்படாத நூல்களால் அவர்களுடைய பெட்டியை நிரப்பிவிட்டு, பிறகு அவர்கள் படிக்கவில்லை என்று புலம்புகிறோம்.

மூன்றாவது வாதத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை: உணவுதான் பண்பாடு, அது போதும். நாவின் நினைவை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆனால் சுவை ஒரு தலைமுறை விட்டுப்போனாலும் மறு தலைமுறை ஓர் உணவகத்தில் அமர்ந்து அதை மீட்டுக்கொள்ளும். வாசிக்கும் மொழியை அப்படி ஒரு மாலையில் மீட்க முடியாது. தோசையை 'டோசா' என்று சொல்லியபடி விரும்பி உண்ணும் பேரப்பிள்ளைகள் பாட்டியின் கடிதத்தைப் படிக்க முடியாமல் நிற்பதை எந்தச் சட்டினியும் ஈடுசெய்யாது.

பெட்டி கட்ட ஒரு மணி நேரம்கூடக் கிட்டாதவர்களை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1983க்குப் பின் ஈழத்தமிழர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சிதறினார்கள். எதை எடுப்பது என்ற கேள்வியே அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆனால் போய்ச் சேர்ந்த ஐரோப்பிய நகரங்களிலும் கனடாவிலும் சிற்றிதழ்கள் நடத்தினார்கள். 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, எஞ்சிய ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். எரிந்ததன் அருமை அவர்களுக்குத் தெரியும். 46 கிலோ கையிலிருந்தும் இடமில்லை என்கிறோம் நாம்.

ஆகவே நாம் கேட்பது மூன்றே மூன்று கிலோ. ஓர் அகராதி. உரக்கப் படித்துக் காட்டக்கூடிய மெல்லிய சிறுகதைத் தொகுப்புகள் ஐந்தாறு. படம் போட்ட குழந்தை நூல்கள் சில. அம்மா கைப்பட எழுதிய சமையல் குறிப்பேடு இருந்தால் அதுவும், அதுவும் தமிழ்தானே! வழியனுப்ப வருவோர் வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பதிலாகத் தாம் படித்து ரசித்த ஒரு புத்தகத்தைத் தரட்டும். எடை கூடினால் முதலில் மிக்சி இறங்கட்டும்.

அந்த மாணவியின் வீட்டில் அன்று நாம் எடுத்து வைத்த நான்கு கிலோ, அவருடைய தாயாரின் பரணில் அப்படியே இருந்தது. சென்ற ஆண்டு தூசி தட்டி அஞ்சலில் அனுப்பினோம். புத்தகங்களின் விலையைவிட அஞ்சல் கட்டணம் அதிகமாயிற்று. அன்று பெட்டியில் அந்த இடம் இலவசமாக இருந்தது.