என் வயல் மண்ணைத் தரமாட்டேன்

போன வாரம் சென்னையிலிருந்து ஒருத்தர் ராஜகுளத்துக்கு வந்தார். ஏதோ விடுதியில மண் குளியல் வைக்கிறாங்களாம். "ஐயா, உங்க வயல் களிமண் வழவழன்னு இருக்கு, மூட்டை என்ன விலை?"ன்னு கேட்டார். இல்லைன்னுட்டேன். அவருக்கு வருத்தம். காரணத்தை இங்க சொல்றேன்.

சேத்துல மந்திரம் ஒண்ணும் இல்லை. ஒரு பாட்டில்ல மண்ணும் தண்ணியும் போட்டுக் குலுக்கி வைங்க. மணல் ஒரு நிமிஷத்துல அடியில உக்காந்துடும். களி மறுநாளும் கலங்கலாவே நிக்கும். அவ்வளவு நுண்மை, ஒரு மில்லிமீட்டர்ல 500ல ஒரு பங்குக்கும் கீழே. அதனாலதான் அது தண்ணியை விடாம பிடிச்சு வைக்குது. அந்தத் தண்ணி மெல்ல மெல்ல ஆவியாகறதால வயித்துல பத்து போட்டா ரொம்ப நேரம் குளுமையா இருக்கும். சூடான சேறும் அப்படித்தான். ரசம் சீக்கிரம் ஆறிடும், கேழ்வரகு களி உள்ளுக்குள்ள கொதிச்சிட்டே இருக்கும் இல்லையா? கெட்டியா இருக்கறதுல தண்ணி மேலயும் கீழயும் ஓட முடியாது, சூடு மெதுவாத்தான் வெளியே வரும்.

ஆனா அந்த நுண்மை தண்ணியை மட்டும் பிடிக்காது. நாம போடற உரத்தையும் பூச்சிமருந்துல பலதையும் சேர்த்துப் பிடிச்சுக்கும்.

காந்தி 1942ல புனே ஆகா கான் மாளிகையில காவலில் இருந்தப்போ ஆரோக்கியம் பத்தி ஒரு நூல் எழுதினார். 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், அரை அங்குல கனத்துல வயித்துக்கு மண் பத்து போடுவாராம். எரு போட்ட நிலத்து மண்ணை எடுக்கவே கூடாது, மண்ணைக் காயவச்சு இடிச்சு சலிக்கணும், சந்தேகம் இருந்தா சூடாக்கணும்னும் சொல்லியிருக்கார். எருவுக்கே அப்படின்னா, 25 வருஷமா நான் தெளிச்ச மருந்துக்கு என்ன சொல்வார்?

காசு கொடுத்து மண் பூசிக்கிறவங்க மூணு கேள்வி கேளுங்க. மண் எந்த ஊருது? அந்த நிலத்துல என்ன போட்டாங்க? ஒருத்தருக்குப் பூசினதை அடுத்தவருக்கும் பூசறாங்களா? பதில் இல்லைன்னா எழுந்து வந்துடுங்க.

அவர் போனப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அவர் தோலுக்கு ஆகாதுன்னு சொன்ன சேத்துலதான் நானும், நடவுக்கு வர்ற பொம்பளைங்களும் நாள் பூரா முழங்கால் வரைக்கும் நிக்கறோம். அதான் இந்த சொர்ணவாரிக்கு ஒரு காணியில மருந்தை நிறுத்தியிருக்கேன். மகசூல் குறையும்னு வீட்ல திட்டு. பார்ப்போம்.