அடுத்த வாங்கு மாணவன் பகைவனா?

பரீட்சைப் பெறுபேறு என்பது தனியொருவரின் உழைப்புக்குக் கிடைக்கும் கூலி என்றே நாம் பொதுவாக எண்ணுகின்றோம். நமது க.பொ.த. உயர்தரப் பரீட்சையைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் பாதியளவே உண்மையாகும். 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு அடிப்படையாக விளங்கும் இசட் புள்ளி, மாணவர் பெற்ற புள்ளியை மாத்திரம் நோக்குவதன்று. அப்பாடத்திற்குத் தோற்றிய அனைவரதும் புள்ளிகளின் இடையிலிருந்து அவர் எவ்வளவு விலகி நிற்கின்றார் என்று கண்டு, அதனை நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. ஆகவே, மற்றையோர் உயரின், நம் புள்ளி மாறாதிருந்தும் நம் நிலை தாழும்.

இதனை அரைகுறையாக அறிந்ததன் பயனாக நம் வகுப்பறைகளிலே ஒரு நோய் பரவியுள்ளது. நல்ல குறிப்புக் கொப்பியை நண்பனுக்குக் காட்டாதே, ரியூசனிற் கொடுத்த வினாத்தாளை மறைத்து வை, கேட்டால் ஒன்றும் படிக்கவில்லை என்று சொல் - இவை சில வீடுகளில் அறிவுரையாகவே வழங்கப்படுகின்றன. அடுத்த வாங்கில் இருப்பவன் தோழனல்லன், தன் இடத்தைப் பறிக்க வந்தவன் என்று பதினேழு வயதுப் பிள்ளை நம்பத் தொடங்குகின்றது.

இந்த அச்சத்தைக் கணக்கிலிட்டுப் பார்ப்போம். ஒரு பாடத்திற்கு 50,000 பேர் தோற்றுவதாகவும், நம் உதவியால் நண்பனொருவன் 20 புள்ளி கூடுதலாகப் பெறுவதாகவும் கொள்வோம். நாடு முழுவதற்குமான இடை 0.0004 புள்ளியே உயரும். நியம விலகல் 20 எனின், அவ்வுயர்வால் அப்பாடத்தில் நமக்கு நேரும் குறைவு 0.00002 அளவினதே. மூன்று பாடங்களின் சராசரியில் அது இன்னுஞ் சுருங்கும். பெறுபேற்றுத் தாளிலே நான்கு தசமதானங்கள் வரையே இசட் புள்ளி காட்டப்படுகின்றது. இத்துணைச் சிறியதொன்றுக்காகவா நட்பை விற்பது?

மாவட்டக் கோட்டாவை எடுத்துக்காட்டி மறுப்போர் உளர். அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், எஞ்சிய 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியன. முல்லைத்தீவு போன்ற சிறிய மாவட்டமொன்றிலே மருத்துவத்துக்குரிய இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. அங்கே வெட்டுப்புள்ளிக்கு மேலே நிற்பவர் நம் வகுப்புத் தோழராகவே இருத்தல் கூடும். இம்மறுப்பிலே நியாயமுண்டு. யாரோடு யாரை ஒப்பிடுவது என்பது அற்ப விடயமன்று. 2011ஆம் ஆண்டிலே பழைய, புதிய பாடத்திட்டங்களின் வழி தோற்றியோரை ஒருங்கு சேர்த்துக் கணித்த முறையை 2012இல் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்ததும் இது பற்றியே.

ஆயினும் அம்மறுப்பு ஒரு பக்கத்தையே காட்டுகின்றது. மாவட்டத்துக்குரிய இடங்கள் வரையறுக்கப்பட்டனவேனும், திறமை அடிப்படையிலான 40 சதவீதத்துக்கு மாவட்ட எல்லை இல்லை. வகுப்பு முழுவதும் உயருமாயின் அவ்வாயிலும் அவர்களுக்குத் திறக்கும். மேலும், பௌதிகவியலுக்கோ இணைந்த கணிதத்துக்கோ ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் நம்மிடையே பல. அத்தகைய இடத்திலே பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் ஆசிரியராகாவிடின் வேறு யார் கற்பிப்பது? ரியூசனுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தோழனின் கொப்பியே நூல்நிலையம். கற்பித்தவனும் இழப்பதில்லை. பிறர்க்கு விளக்கப் புகும்போதே தான் விளங்கிக்கொள்ளாத இடம் எதுவென்று ஒருவனுக்குத் தெரியவரும். அந்த ஓட்டையை அடைத்தலால் வரும் இரண்டு புள்ளி, மேற்கூறிய இழப்பினும் பன்மடங்கு பெரிது.

பெற்றோரும் ஆசிரியரும் ஒன்று செய்தல் வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைச் சொல்லித் தம் பிள்ளையைக் குத்துதலை விடுக. இடங்கள் போதாமை அரசிடம் கேட்கவேண்டிய கேள்வி. அதற்குரிய கோபத்தை அடுத்த வாங்கிலிருக்கும் பிள்ளைமீது திருப்புதல் அறமுமன்று, கணக்குமன்று.