யானைக்கு மருந்து, கூடாரத்துக்கு லாபம்

சர்க்கஸ் யானை பற்றிப் பேச்செடுத்தாலே நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு அந்தக் காலத்துப் பாகன்தான் உண்மையான டாக்டர். மஞ்சள், வேப்பெண்ணெய், கருப்பட்டி, கொள்ளு, அவ்வளவுதான். யானை நூறு வியாதியைத் தாண்டி வந்ததாம், ஊசி வந்த பிறகுதான் எல்லாம் கெட்டுப்போச்சாம். இன்னொரு கட்சிக்குப் பாகன் வெறும் படிக்காத ஆள். நல்ல கால்நடை மருத்துவரும் எக்ஸ்ரே கருவியும் இருந்துவிட்டால் யானை கூடாரத்துக்குள்ளேயே சுகமாக இருக்கும் என்பது அவர்கள் வாதம். இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் கேட்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்த யானைக்கு ஏன் சீக்கு வருது?

நான் இயந்திரப் பராமரிப்பில் வேலை செய்பவன். ஒரு பேரிங் மாதா மாதம் தேய்ந்து போகிறதென்றால், எந்த கிரீஸ் நல்லது என்று இரண்டு கோஷ்டி சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை. தண்டு கோணலாக இருக்கிறதா, தாங்க முடியாத சுமையை ஏற்றியிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சர்க்கஸ் யானை விஷயத்தில் நாம் நூறு வருடத்துக்கும் மேலாக கிரீஸ் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

காலில் இருந்து தொடங்குவோம். யானை பார்ப்பதற்குத் தட்டையான தூண் மாதிரிக் காலை ஊன்றி நிற்கிறது. உள்ளே எலும்பு அப்படி இல்லை. அது கிட்டத்தட்ட விரல் நுனியில் நிற்கிற பிராணி. பின்னால் கொழுப்பும் தசைநாரும் கலந்த ஒரு மெத்தை அந்த எடையைத் தாங்குகிறது. நகமும் உள்ளங்கால் தோலும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். காட்டில் நடக்க நடக்க அது தேயும். சங்கிலியில் கட்டி, சிமெண்டுத் தரையில், தன் மூத்திரத்திலேயே நிற்க வைத்தால் தேயாது. வளரும், வெடிக்கும், அழுக்கு புகும், சீழ் பிடிக்கும், கடைசியில் எலும்பு வரைக்கும் போகும். அடைபட்டு வாழும் யானைகளைக் கருணைக்கொலை செய்ய நேரும் முக்கியக் காரணங்களில் பாத நோயும் மூட்டு வாதமும் உண்டு. அதோடு நான்கு கால் தாங்கும்படி படைக்கப்பட்ட எடையை, கைதட்டலுக்காக இரண்டு காலில் ஏற்றுகிறார்கள்.

இந்தக் காலுக்குப் பாகன் வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசுகிறார். டாக்டர் வந்து நகத்தைச் சீவி, கழுவி, ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார். வேப்பெண்ணெய் ஈயை விரட்டும், சின்னப் புண்ணுக்கு உதவும். டாக்டர் செய்வது ஆழமான புண்ணுக்கும் உதவும். நான் கேட்பது, அடுத்த நாள் காலையில் அந்த யானை எங்கே நிற்கிறது என்பதைத்தான். அதே சிமெண்டில், அதே சங்கிலியில்.

மரபு மரபு என்று பேசுகிறவர்கள் மரபை ஒழுங்காகப் படித்தாலாவது பரவாயில்லை. யானை மருத்துவத்தின் ஆதி ஆசிரியராகச் சொல்லப்படும் பாலகாப்பியர் கதை என்ன? அவர் காட்டில் யானைகளோடு திரிந்தவர். அங்க நாட்டு அரசன் ரோமபாதன் அந்த யானைகளைப் பிடித்துக் கட்டிவைக்கிறான். முனிவர் தேடி வந்து, கட்டுண்டு காயப்பட்டுக் கிடந்தவற்றுக்கு மருந்து போடுகிறார். அங்கிருந்துதான் அந்த நூலே பிறந்தது என்கிறார்கள். ஆக, யானை வைத்தியம் தொடங்கும் இடமே கட்டுத்தறி. நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்தது. நமக்குத்தான் மறந்துபோச்சு.

குருவாயூர்க் கோயில் யானைகளுக்குப் புன்னத்தூர்க் கோட்டையில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தையொட்டி 30 நாள் சுகசிகிச்சை நடக்கிறது. லேகியம், சூரணம், அரிசி, பயறு என்று பட்டியல் நீளும். அந்தப் படத்தைப் பகிர்ந்து, ‘பாருங்க நம்ம வைத்தியம்’ என்று பெருமைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த 30 நாளும் யானைகள் திருவிழா வேலைக்குப் போவதில்லை. நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டல், வேளைக்குத் தீனி, ஓய்வு. அந்த வைத்தியத்தில் முதல் மருந்தே ஓய்வுதான். தினம் இரண்டு மூன்று காட்சி போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த ஊருக்கு லாரி ஏற்றும் சர்க்கஸ் அந்த மருந்தை மட்டும் கொடுக்கவே முடியாது. ஓய்வைக் கழித்துவிட்டு லேகியத்தை மட்டும் ஊட்டினால் அதற்குப் பெயர் வைத்தியம் இல்லை, தீனி.

மரபு என்ற பெயரில் நடந்த எல்லாமே மஞ்சளும் வேப்பெண்ணெயும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதம் பிடித்த ஆண் யானைக்குத் தீனியையும் தண்ணீரையும் குறைத்து, உடம்பை இளைக்க வைத்து மதத்தை அடக்குவதும் பாகன்களிடம் இருந்துவரும் பழைய வழக்கம்தான். இதையும் பாட்டி வைத்தியம் என்று பகிர்வீர்களா?

மேற்கே மட்டும் என்ன வாழ்ந்தது? உலகத்தின் மிகப் பிரபலமான சர்க்கஸ் யானை ஜம்போ. லண்டன் உயிரியல் பூங்காவில் இருந்தபோதே ராத்திரியில் வெறிகொண்டு கொட்டகையை இடிக்கும். பராமரிப்பாளர் மேத்யூ ஸ்காட் அதற்கு விஸ்கி ஊற்றிக் கொடுத்து அமைதிப்படுத்தினார். அது அவர்களுடைய கைவைத்தியம். 1882இல் பார்னம் அதை வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்; 1885 செப்டம்பர் 15 அன்று கனடாவில் ரயில் மோதிச் செத்தது. பின்னாளில் எலும்புக்கூட்டை ஆராய்ந்தவர்கள் பற்கள் கோணலாக வளர்ந்திருந்ததையும், மூட்டுகள் கிழட்டு யானையின் மூட்டுபோலத் தேய்ந்திருந்ததையும் பார்த்தார்கள். ராத்திரி வெறிக்குப் பல்வலி காரணமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். விஸ்கி சத்தத்தை அடக்கியது. பல் அப்படியே இருந்தது.

சரி, நவீன மருத்துவக் கட்சிக்கு வருவோம். காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 முதல் 1996 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சர்க்கஸ்களுக்கு யானை அனுப்பும் ஒரு பண்ணையின் 3 யானைகள் காசநோயால் இறந்தன. அங்கே வேலை செய்த 22 பேரைச் சோதித்தபோது 11 பேருக்குத் தொற்று இருந்தது. ஒருவருக்கு நோயே வந்துவிட்டது. யானையிடம் இருந்த அதே கிருமி. அதன் பிறகுதான் தும்பிக்கைக்குள் உப்புத் தண்ணீர் விட்டு, வெளியே வருவதைப் பிடித்துச் சோதிக்கும் முறை அங்கே விதியாக வந்தது.

சிகிச்சை உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐசோனியாசிட் என்ற மருந்தை ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தாலும், 4000 கிலோ யானைக்கு ஒரு வேளைக்கு 20 கிராம். மனிதன் சாப்பிடும் 300 மில்லிகிராம் மாத்திரையில் 66க்கும் மேல். இதுபோல் இன்னும் சில மருந்துகள், மாதக்கணக்கில். கசப்பு தெரிந்தால் யானை துப்பிவிடும். சில மருந்துகளை ஆசனவாய் வழியாகக் கொடுப்பார்கள். ஊர் ஊராகச் சுற்றும் கூடாரத்தில் இதை ஒழுங்காகச் செய்ய முடியுமா? செய்யாமல் விட்டால் யானைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் பாகனுக்கு யார் பதில் சொல்வது? பாகனைத் தெய்வமாக்கும் கட்சியும் சரி, அவரைக் கேலி செய்யும் கட்சியும் சரி, அவருடைய நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்தியாவில் 2001இல் வந்த விதிப்படி, காட்சி விலங்குகள் 10 அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் உரிமையாளர் ஒரு கால்நடை மருத்துவரை ஊழியராக வைத்துக்கொள்ள வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மருத்துவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? யானை ஆடவில்லை என்றால் யாருக்கு நஷ்டமோ, அவர்தான்.

இது நமக்குப் புதிசா? எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசரைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் நம்மில் எத்தனை? டிரசர் தங்கமான மனுஷராகவே இருக்கலாம். ஆனாலும் அவருக்குச் சம்பளம் தோட்ட நிர்வாகத்திடமிருந்து வந்தது. யார் இன்று பால்மரத்துக்குப் போகலாம், யார் லயத்தில் படுக்கலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில் அவர் இருந்தார். காய்ச்சலுக்கு மருந்து கிடைத்தது; காய்ச்சல் ஏன் வந்தது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. 1901இல் கிள்ளானிலும் புதிதாகத் திறந்த போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் மலேரியா ஆட்களைக் கொண்டுபோனபோது, மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கொய்னா மருந்தோடு நிற்கவில்லை. சதுப்பை வடிக்க வைத்தார். மலேரியா அதன் பிறகுதான் விழுந்தது. மருந்து வேறு, வடிகால் வேறு. சர்க்கஸ் யானைக்கு இதுவரை யாரும் வடிகால் வெட்டவில்லை.

‘அப்போ அந்தப் பாகன்களோட அறிவெல்லாம் குப்பையா?’ என்று கேட்பார்கள். இல்லை. சாணத்தைப் பார்த்தே வயிறு சரியில்லை என்று சொல்லக்கூடிய, காது ஆட்டத்தில் மாற்றம் தெரிந்தால் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் எந்த எக்ஸ்ரேவையும்விட முன்னால் எச்சரிக்கிறார். அந்த அறிவைக் கூடாரத்திலிருந்து வெளியே எடுத்து, யானை நடமாட இடமுள்ள முகாம்களில், டாக்டருக்குப் பக்கத்தில், மாதச் சம்பளத்தோடு உட்கார வையுங்கள். அறிவுக்கு மரியாதை என்றால் அதுதான். முகநூலில் மாலை போடுவது மரியாதை இல்லை.

‘யானை இல்லாமல் சர்க்கஸ் பிழைக்குமா?’ என்றும் கேட்பார்கள். 1998இல் இந்திய அரசு சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றுக்குத் தடை போட்டபோதும் இதே புலம்பல்தான். 2001இல் உச்ச நீதிமன்றமே அந்தத் தடையை உறுதி செய்தது. யானையோ அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போனது. அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் 2016 மே மாதம் யானைகளை மேடையிலிருந்து இறக்கியது, 2017இல் கடையையே மூடியது, 2023இல் ஒரு விலங்குகூட இல்லாமல் திரும்ப வந்தது. தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பள்ளி தொடங்கிக் கற்றுக்கொடுத்ததும் மனித உடம்பின் வித்தையைத்தான். கம்பியில் நடக்கும் பெண்ணுக்குக் கைதட்ட நமக்கு யானை தேவையில்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது மஞ்சளா ஊசியா என்று விவாதத்தைத் தொடங்கினால், எந்தப் பக்கமும் சேராதீர்கள். சங்கிலி எத்தனை அடி நீளம், தரை மண்ணா சிமெண்டா, மருத்துவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், பாகன் எங்கே தூங்குகிறார் என்று கேளுங்கள். இந்த நான்குக்கும் பதில் வராதவரை, எந்த மருந்தைக் கொடுத்தாலும் அது கூடாரத்துக்குத்தான் போய்ச் சேரும்.