18-ம் நம்பர் மணி

எங்க ஊர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் உண்டு. அதற்குள் தோரியம். ஐ.ஆர்.இ.எல். மணல் ஆலை இங்கே இருப்பதே இந்த மணலுக்காகத்தான். தோரியம் ஆல்ஃபா துகளைத் துப்பும். தடுக்க ஒரு போஸ்ட் கார்டு போதும்.

சிப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து துப்பினால்? மெமரி சிப்பின் பீங்கான் உறையில் துளியூண்டு யுரேனியமும் தோரியமும் இருந்து பிட்டைப் புரட்டுவதை, 1978-ல் இன்டெல்லின் மே, வுட்ஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். (பி.காம். படித்த எனக்குத் தெரிந்த பிட், பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுக்காரர் அடித்தது. இது 0, 1 சமாசாரம்.)

இன்று உறை சுத்தம். ஆனால் காஸ்மிக் கதிர் சும்மா இருக்கிறதா? சர்வரில் ஒரு பிட் புரண்டால் ஹார்ட்வேரே திருத்திவிடும். லினக்ஸ் கெர்னல் பேரேட்டில் குறித்துக்கொண்டு நகரும். இரண்டு புரண்டால் திருத்த முடியாது. பிராசஸர் 18-ம் நம்பர் மணியை அடிக்கும். பெயர், 'மெஷின் செக்'. கெட்டது எது என்று ரெஜிஸ்டரில் ஒரு கோடு நம்பரும் இருக்கும்.

கெர்னல் அதைப் படித்து, ஒரே ஒரு புரோகிராமின் மெமரிதான் கெட்டது என்றால் அந்த ஆசாமியை மட்டும் தீர்த்துக்கட்டும். பிராசஸரையே நம்ப முடியாதென்றால்? உங்க சம்பளக் கணக்கு தப்பும் தவறுமாய்க் கமுக்கமாக ஓடுவதைவிட நிற்பது தேவலை என்று, 'பானிக்'. ஷட்டரை இழுத்து மூடி, கோடு நம்பரை நோட்டீஸ் மாதிரி திரையில் ஒட்டிவிட்டு உட்கார்ந்துவிடும்.