பண்டிதரின் நாற்காலி

"ஸ்பானிஷ் என்பது கெட்டுப்போன லத்தீன்தானே?" என்று கேட்டார் ஒரு நண்பர். நன்றாகப் படித்தவர். பால் திரிந்துவிட்டதே என்று அங்கலாய்க்கும் தொனி அவர் பேச்சில் இருந்தது. திரியவில்லை ஐயா, தயிராக உறைந்தது என்பது என் கட்சி. மனிதர் பேச்சை எழுதிப் பிழைக்கிறவன் நான். ஆகவே இந்த வழக்கில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு.

சாட்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஸ்பெயின்காரன் ஒருவனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தால் போதும்.

காதுக்கு லத்தீனில் 'ஔரிஸ்' என்று பெயர், கண்ணுக்கு 'ஓகுலுஸ்'. ஜனங்களோ காதைச் செல்லமாகச் 'சிறு காது' என்றார்கள்; அது பேச்சில் தேய்ந்து 'ஒரிக்லா' ஆயிற்று. கண்ணும் 'ஓக்லுஸ்' என்று குறுகியது. யாரோ ஒரு வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. 'அப்பெண்டிக்ஸ் புரோபி' என்று இன்று வழங்கும் பட்டியலில் 200க்கு மேற்பட்ட திருத்தங்களை எழுதி வைத்தார். இந்த இரண்டும் அதில் உண்டு. பலன் என்ன? அவர் பிழையென்று தள்ளியவைதான் ஸ்பானிஷில் 'ஓரேஹா', 'ஓஹோ' என்று ஜம்மென்று நிற்கின்றன!

மற்றவற்றையும் பாருங்கள். வாய்க்கு 'போகா', உப்பிய கன்னத்தைக் குறித்த 'புக்கா'விலிருந்து வந்தது. காலுக்குப் 'பியெர்னா', பன்றித்தொடையைக் குறித்த 'பெர்னா'விலிருந்து வந்தது. முழங்கால் 'ரோதில்யா', அதன் மூலம் 'சிறு சக்கரம்'. ரோமானியர் அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்கவைத்த பிராணியின் ஈரலை 'அத்தி ஈரல்' என்று ரசித்துத் தின்றார்கள். நாளடைவில் ஈரல் என்ற சொல் உதிர்ந்துபோக, அத்தி மட்டும் மிஞ்சியது. மனிதனின் ஈரலுக்கும் இன்று அதுதான் பெயர்: 'ஈகதோ'.

இவற்றில் பள்ளிக்கூடத்தின் வாடை வீசுகிறதா? கசாப்புக்கடையும் அடுப்படியும் அல்லவா மணக்கின்றன!

"கைக்கு 'மானோ' என்கிறார்களே, அது சுத்தமான 'மானுஸ்' தானே?" என்று மடக்கினார் நண்பர். வாஸ்தவம். ஆனால் அதைக் காப்பாற்றித் தந்ததும் ஜனங்களின் நாக்குத்தான்; வாத்தியாரின் பட்டியல் அல்ல.

கடைசியாக இடுப்பு. அதற்குக் 'கதேரா' என்று பெயர். மூலம் 'கதேட்ரா', அதாவது நாற்காலி. உட்காரும் ஆசனத்தின் பெயரை உட்காரும் உறுப்புக்கே சூட்டிவிட்டார்கள் ஜனங்கள். அதே சொல்லைக் கற்றவர்கள் ஏட்டிலிருந்து எடுத்து, 'காதெத்ரா' என்று பேராசிரியர் பீடத்துக்கு வைத்தார்கள்.

பீடமும் இடுப்பும் ஒரே சொல்லின் பிள்ளைகள். பீடத்தில் அமர்ந்து பேச்சுமொழியை ஏசுகிறவர்கள், தாம் எதைக்கொண்டு அமர்ந்திருக்கிறோம் என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.