ஐம்பது ரூபாய்க்கு விலை போவது எது?



அண்மையில் ஒரு மாலை, நண்பர் ஒருவரின் துணிக்கடைக்குப் போயிருந்தேன். மக்ரிப் முடிந்த நேரம். கூட்டம் இல்லை. கடையில் வேலை செய்யும் தம்பி கைப்பேசியிலிருந்து தலையை எடுக்கவில்லை. "என்ன தம்பி, இவ்வளவு மும்முரம்?" என்று கேட்டேன்.

"கேள்விக்குப் பதில் சொன்னா காசு குடுக்கறாங்க பாய். இருபது கேள்விதான். ஐம்பது ரூபா வரும்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். எந்தச் சோப்பு போடுகிறீர்கள் என்று தொடங்குகிறது. வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு என்று வளர்கிறது. பிறகு, உங்கள் மதம் என்ன? வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா? கடைசியில், உங்கள் கைப்பேசியில் உள்ள எண்களைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா? தம்பி எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டிருந்தார்.

"இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசித்தாயா?" என்றேன். சிரித்தார். "நம்மகிட்ட எடுத்துட்டுப் போக என்ன இருக்கு பாய்?"

நம் இளைஞர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி இது. ஆகவே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைக்காரருக்குத் தெரியாதா?

வியாபாரிகளே! ஒருவன் உங்களிடம் ஐம்பது ரூபாய் கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறான் என்றால், அதை அவன் என்ன விலைக்கு விற்பான்? இந்தக் கணக்கை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தகவலும் ஒரு சரக்குதான். ஆனால் துணியை விற்றால் அது கடையை விட்டுப் போய்விடும். தகவலை நூறு பேருக்கு விற்ற பிறகும் அது விற்றவனிடமே இருக்கும். கொடுத்தவர் திரும்ப வாங்க நினைத்தாலும் எத்தனை கைகளைத் தேடிப் போவார்?

இந்தத் தொழில் நடக்கும் விதத்தைப் பாருங்கள். கணக்குத் தொடங்கும்போதே வயது, பாலினம், ஊர், பின்கோடு, தொழில், வருமானம் எல்லாம் கேட்கப்படுகின்றன. எந்தக் கைப்பேசி, எந்த இணைய இணைப்பு என்பதும் கூடவே பதிவாகிறது. பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு, 'இந்த ஆய்வுக்கு நீங்கள் தகுதி பெறவில்லை' என்று ஒரு வரி வரும். காசு கிடையாது. ஆனால் அதுவரை சொன்ன பதில்கள் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும். குறிப்பிட்ட தொகை சேர்ந்தால்தான் பணம் எடுக்கலாம் என்ற நிபந்தனை வேறு.

எல்லா ஆய்வும் மோசடி என்று நாம் சொல்லவில்லை. நேர்மையாகச் சந்தை ஆய்வு செய்யும் நிறுவனங்களும் உண்டு. அவர்களுக்கு வேண்டியது உங்கள் கருத்து. உங்கள் அடையாளத்தையும் உங்கள் உறவினரின் எண்ணையும் கேட்பவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

335 பேரும் ஐந்தரை லட்சம் பேரும்

2014-ஆம் ஆண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் கோகன், பேஸ்புக் வழியாக இயங்கும் ஆளுமைத் தேர்வு ஒன்றை நடத்தினார். கேள்விகளுக்குப் பதில் சொன்ன அமெரிக்கர்களுக்குச் சில டாலர்கள் கூலியாகத் தரப்பட்டன. 'கல்வி ஆய்வுக்காக' என்று சொல்லப்பட்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அந்தச் செயலியை நிறுவினார்கள். அதோடு முடிந்ததா? அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் சேர்த்து அள்ளப்பட்டன. 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக்கே பின்னாளில் ஒப்புக்கொண்டது. அந்த விவரங்கள் போய்ச் சேர்ந்த இடம் தேர்தல் வேலை செய்யும் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனம்!

2018 மார்ச்சில் இது அம்பலமானது. மே மாதத்தில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. 2019-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் பேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர். மற்றவர்கள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை, ஒரு காசும் வாங்கவில்லை. செயலியை நிறுவிய யாரோ ஒருவருக்கு நண்பராக இருந்தது மட்டுமே அவர்கள் செய்த காரியம். 2021 ஜனவரியில் சி.பி.ஐ. இது குறித்து வழக்குப் பதிவு செய்தது.

நண்பர்களின் விவரத்தை அள்ளும் அந்த வழியை பேஸ்புக் 2015-இல் அடைத்துவிட்டது. ஆனால் உங்கள் கைப்பேசியில் உள்ள எண்களைத் திறந்துவிடும் வழி இன்றும் உங்கள் விரல் நுனியில்தான் இருக்கிறது!

பள்ளிவாசலும் வரைபடத்தில்

2019 ஜனவரியில் இன்னொரு செய்தி வெளிவந்தது. 13 வயது முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 20 டாலர் வரை கொடுத்து, அவர்களுடைய கைப்பேசியில் நடப்பதை எல்லாம் கவனிக்கும் செயலி ஒன்றை பேஸ்புக் நிறுவ வைத்திருந்தது. அதற்கு வைத்த பெயரும் 'ஆய்வு'தான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எதை விற்கிறோம் என்று தெரியுமா?

2021 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட செய்தி நம்மை இன்னும் உலுக்க வேண்டும். பிரிமைஸ் என்ற அமெரிக்க நிறுவனம், பல நாடுகளில் சாதாரண மக்களுக்குச் சிறு தொகை கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது, கேள்விகளுக்குப் பதில் வாங்கியது. அமெரிக்க ராணுவமும் அப்போது அதன் வாடிக்கையாளர்! ஆப்கானிஸ்தானில் பள்ளிவாசல்கள், வங்கிகள், இணைய மையங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துத் தரும் திட்டமும் 2019-இல் அது முன்வைத்த ஆவணத்தில் இருந்ததாக அந்தப் பத்திரிகை எழுதியது. படம் எடுத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறவருக்கு, அது யார் மேசைக்குப் போகிறது என்று எப்படித் தெரியும்?

காசு வாங்காத இடத்திலும் இதே கதைதான். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் முஸ்லிம் ப்ரோ செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பதிவிறக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போனதும், அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததும் 2020 நவம்பரில் வெளியாயின. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அந்தத் தொடர்பைத் துண்டிப்பதாக முஸ்லிம் ப்ரோ அறிவித்தது.

பட்டியல் கைமாறினால்?

'என் மதம் என்னவென்று தெரிந்தால் என்ன நட்டம்? என் பெயரைக் கேட்டாலே தெரியுமே' என்று சிலர் சொல்லலாம். ஒரு பெயர் தெரிவது வேறு. பெயர், மதம், கடை முகவரி, வருமானம் எல்லாம் வரிசையாகப் பட்டியலாவது வேறு.

2002 குஜராத்தை மறந்துவிட்டோமா? முஸ்லிம்களின் வீடு, கடை முகவரிகள் அடங்கிய கணினி அச்சுப் பட்டியல்கள் தாக்க வந்தவர்களுக்கு வழிகாட்டின என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே பதிவு செய்தது. அந்தப் பட்டியல்களுக்கான விவரங்களில் ஒரு பகுதி கலவரத்துக்காகத் திரட்டப்பட்டது அல்ல. வேறு வேலைக்காகத் திரட்டியவை வேறு கைக்குப் போயின.

பீதியைக் கிளப்புவதற்காக இதை எழுதவில்லை. சோப்பு ஆய்வு நடத்துபவர்கள் எல்லாம் சதிகாரர்கள் என்பதும் நம் வாதமல்ல. எந்த நோக்கத்துக்காகக் கொடுத்தோமோ அந்த நோக்கத்தோடு தகவல் நின்றுவிடுவதில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

சட்டம் இருக்கிறது, ஆனால்...

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், கொடுத்த ஒப்புதலை எளிதில் திரும்பப் பெற வழி வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. ஒப்புதல் அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது.

அரசு நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்க இந்தச் சட்டம் தாராளமாக இடம் தருவதும் கவலைக்குரியது. அதை எதிர்த்துக் குரல் கொடுப்பது நம் உரிமை. ஆனால் நாமே 'ஆம்' என்று அழுத்திக் கொடுத்ததை எந்தச் சட்டம் மீட்டுத் தரும்?

நாம் செய்ய வேண்டியது

இளைஞர்களே! அடுத்த முறை ஆய்வு என்று ஒன்று வந்தால் முதலில் நீங்கள் கேள்வி கேளுங்கள். கேட்பவர் யார்? எதற்காக? விவரம் யாருக்குப் போகும்? அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் அந்த ஐம்பது ரூபாய் வேண்டாம்.

கருத்தைச் சொல்லுங்கள், ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி. எதையும் கொடுக்காதீர்கள். இருப்பிடம், தொடர்பு எண்கள், படங்கள் ஆகியவற்றைத் திறந்துவிடாதீர்கள். ஏற்கனவே திறந்துவிட்டிருந்தால் இன்றே கைப்பேசி அமைப்புகளுக்குப் போய் மூடுங்கள். செயலியை நீக்கினால் மட்டும் போதாது. கணக்கையும் விவரங்களையும் அழிக்கும்படி எழுதிக் கேளுங்கள். 'முதலில் பணம் கட்டு, பிறகு அதிகம் சம்பாதி' என்று யாராவது சொன்னால் அது ஆய்வே அல்ல, மோசடி. ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

வியாபாரிகளே! உங்கள் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் எண்கள் இருக்கின்றன. யார் யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி என்பது இருக்கிறது. உங்களை நம்பித் தந்தவை அவை. அவை அமானிதம் அல்லவா? அமானிதத்தை ஐம்பது ரூபாய்க்கு விற்க நமக்கு யார் அனுமதி கொடுத்தது? உங்கள் கடைப் பிள்ளைகளிடமும் இதை உட்கார்ந்து பேசுங்கள்.

"நம்மகிட்ட என்ன இருக்கு பாய்?" என்று கேட்டாரே அந்தத் தம்பி, அவருக்கு அன்று நான் சொன்ன பதில் இதுதான்: "உன் வாப்பாவின் எண் இருக்கிறது. உன் உம்மாவின் நோய் இருக்கிறது. முதலாளியின் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அதில் உன்னுடையது எது? நீ விற்றது எது?"

தம்பி பதில் சொல்லவில்லை. அந்தச் செயலிக்குக் கொடுத்திருந்த அனுமதிகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார். நீங்களும் இந்தப் பக்கத்தை மூடிய கையோடு அதைச் செய்யுங்கள்!