குட்டிக் கம்ப்யூட்டருக்குக் கேபினட், உங்கள் சமையலறையில்!

ராஸ்பெர்ரி பை வாங்குபவர்கள் முதலில் கேட்பது, "இதற்குக் கேபினட் எங்கே?" என்பதுதான். ஏடிஎம் கார்டு அளவில் ஒரு போர்டு மட்டுமே வரும். அதில் டிவி, கீபோர்டு, மவுஸ் இணைத்தால் முழுக் கம்ப்யூட்டர். 2012 பிப்ரவரி 29-ல் இது விற்பனைக்கு வந்தபோது பெட்டியே கிடையாது. தயாரிப்பாளர்களே பெட்டி வெளியிட்டது 2015-ல்தான். 1976-ல் வந்த ஆப்பிள் 1 கூட வெறும் போர்டாகத்தான் விற்றது. வாங்கியவர்களில் சிலர் மரப்பெட்டி செய்து அதில் பொருத்திக்கொண்டார்கள்.

எனவே பெட்டிக்கென்று தனியாகக் காசு செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. ஆனால் கைக்குக் கிடைத்த டப்பாவில் எல்லாம் போட்டுவிடாதீர்கள். பிஸ்கட் தகர டப்பா பார்க்க அழகாகத்தான் இருக்கும். போர்டின் அடியில் உள்ள சால்டர் முனைகள் அதில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். வை-ஃபை சிக்னலையும் உலோகம் தடுக்கும். பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், பாருங்கள். 1 என்றால் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக், சூட்டில் நெளிந்துவிடும். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், தாராளமாகத் தாங்கும். பழைய டிபன் டப்பாக்கள் பல இந்த ரகம்தான்.

எங்கள் வாழப்பாடி பாக்குக்குப் பேர்போன ஊர். இரண்டு பாக்குமட்டைத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டியும் பார்த்தேன். வை-ஃபை நன்றாகவே வந்தது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்குமே என்பதால் உங்களுக்குச் சிபாரிசு செய்ய மனமில்லை!

சூடுதான் பெரிய விஷயம். பை 4 மாடலின் சிப் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சேலம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மூடிய டப்பா என்னவாகும் என்று நீங்களே யோசியுங்கள். டப்பாவின் அடியிலும் மூடியிலும் துளைகள் போடுங்கள். அடியில் நான்கு பாட்டில் மூடிகளை ஒட்டினால் கீழே காற்று புகும், சூடான காற்று மேல் துளைகள் வழியே போய்விடும். பழைய பால்பென் குழாயைத் துண்டுகளாக வெட்டி, போர்டுக்குக் கீழே முட்டுக்கொடுங்கள்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரே பெட்டியாக இருக்கட்டும் என்று அடாப்டரைப் பிரித்து உள்ளே வைக்கிறார்கள் சிலர். அதில் பாய்வது 230 வோல்ட், உயிர் போகும் சமாச்சாரம். பவர் பேங்க் பேட்டரியும் இந்தச் சூட்டில் உள்ளே இருக்கக் கூடாது. அடாப்டர் சுவர் பிளக்கிலேயே இருக்கட்டும். டப்பாவுக்குள் 5 வோல்ட் ஒயர் மட்டும் போனால் போதும்.